கருங்காலி என்று சொல்வதற்கு முன்

ஆண்டுதோறும் ஏப்ரல் 27 வந்தால் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பற்றிப் பெருமையோடு எழுதுகிறோம். 1918-இல் பெரம்பூரில் பிறந்த சங்கம், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம். நானும் பலமுறை எழுதியிருக்கிறேன். இந்த முறை அதோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை.

பெருமைக்குக் குறைவில்லைதான். பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாடிக் நெசவாலைகளில் மதியச் சோற்றுக்குக் கிடைத்தது அரை மணி நேரம். அந்தக் குறையைக் காதுகொடுத்துக் கேட்டவர்கள், பெரம்பூரில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும். அவர்கள் அழைத்துத்தான் அன்னி பெசன்டின் தோழரான பி.பி. வாடியா வந்தார், தலைவரானார். தமிழில் பேசித் தொழிலாளர் நெஞ்சில் இடம்பிடித்தவர் திரு.வி.க. 1920 இறுதியில் நிர்வாகம் ஆலையை மூடிய கதவடைப்பின்போது போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தார்கள். நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய்ச் சங்கத் தலைவர்கள் மீதே நட்டஈடு வழக்குப் போட்டது. சங்கம் நடத்தினால் சொத்து போகும் என்ற அந்த நிலைமைதான் தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷியைச் சட்டம் கேட்க வைத்தது. 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

இதுவரை எல்லோரும் சொல்வார்கள். 1921-க்கு வந்ததும் குரல் தாழ்ந்துவிடும்.

அந்த ஆண்டு ஜூனில் மறுபடியும் வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். ஜூன் முடிவதற்குள் புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் எரிந்தன. மோதல்கள் மாதக்கணக்கில் நீண்டன. ஆகஸ்டு 29 அன்று போலீஸ் மீண்டும் சுட்டது, உயிர்கள் போயின. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது.

"கருங்காலிகளால் தோற்றது" என்று ஒரு மூத்த சங்கத் தோழர் என்னிடம் சொன்னார். நான் மதிக்கும் மனிதர். ஆனாலும் வேலைநிறுத்தத்தை மீறி வேலைக்குப் போனவர்களை ஏசும் அந்தச் சொல் என்னைச் சுட்டது. முந்தைய கதவடைப்பு முடிந்து அரை ஆண்டுகூட ஆகவில்லை. நிலமோ சேமிப்போ இல்லாத வீட்டில் இரண்டாம் முறையும் அடுப்பை அணைக்கச் சொல்ல யாருக்கு உரிமை இருந்தது? தறிக்குப் பக்கத்தில் தோழன், தெருவில் தீண்டத்தகாதவன் என்றால், எந்த நம்பிக்கையில் அவன் பட்டினிக்குச் சம்மதிப்பான்? ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா அன்றே அவர்கள் பக்கம் நின்று பேசினார். நிர்வாகம் அந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டது உண்மை. ஆனால் பிளவை நிர்வாகம் உண்டாக்கவில்லை, அது ஊரிலிருந்து ஆலைக்குள் நடந்து வந்தது.

திரு.வி.க.வையோ வாடியாவையோ குறைத்துப் பேசுவதற்காக இதை எழுதவில்லை. கூலிக்காக ஒன்றுசேர முடிந்தவர்களால் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியவில்லை என்பதையும் சங்க வரலாறாகவே எழுத வேண்டும் என்கிறேன்.

ஆலை இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. அங்கிருந்து புளியந்தோப்பு நடந்து போகும் தூரம்தான். அடுத்த ஏப்ரல் 27 கூட்டத்தை அங்கே வையுங்கள். எரிந்த குடிசைகளின் கதையைச் சொல்ல அந்தத் தெருக்காரர்களையே முதலில் மேடைக்கு அழையுங்கள்.