வளைவை அளந்துவிட்டு ஸ்கேலை முடிவு செய்யுங்கள்

"இடம் குறைவா, 'என்' (N) ஸ்கேல் வாங்குங்கள்" என்று மாதிரி ரயில் பற்றிய கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. ஸ்கேல் என்பது அசல் ரயிலை எத்தனை மடங்கு சுருக்குகிறோம் என்ற விகிதம். இடத்தைத் தின்பது வளைவுதான். எச்ஓ (HO, 1:87) ஸ்கேலில் 457 மி.மீ. ஆரம் வைத்தாலே, முழுத் திருப்பத்துக்கு ஓரம் சேர்த்து 1 மீட்டர் அகலம் வேண்டும். எல்எச்பி (LHB) எனும் நீளமான பயணிகள் பெட்டியின் மாதிரி 27 செ.மீ. நீளம் வரும், தடங்கள் நெருக்கமாக இருந்தால் வளைவில் அதன் நடுப்பகுதி உள்ளே நீட்டி, பக்கத்து வண்டியை உரசும்.

'என்' (1:160) ஸ்கேலில் 282 மி.மீ. ஆரம் 75 செ.மீ. பலகையில் தாராளமாக அடங்கும். ஆனால் எஞ்சின் எடை குறைவு, தண்டவாளத்தில் லேசாக அழுக்கு படிந்தாலே மின்தொடர்பு விட்டு பாயிண்டில் (தடம் பிரியும் இடத்தில்) நின்றுவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், கீறலில் அழுக்கு இன்னும் சேரும்.

இன்னொன்று: நம் அகலப்பாதையில் தண்டவாள இடைவெளி 1676 மி.மீ., 1:87-இல் 19.3 மி.மீ. வர வேண்டும். எச்ஓ தடமோ 16.5 மி.மீ.தான். இந்த வித்தியாசம் உறுத்தாதவர்களுக்குக் கவலையில்லை!