மரத்தடிச் சருகை விட்டுவையுங்கள்

மதுரையைச் சுற்றி இப்போது எழும் புதிய வீடுகளில் பல, மதில் முதல் மதில் வரை தரை போடப்பட்டவையாகவே இருக்கின்றன. முன்வாசலில் வண்டி நிறுத்தத் தளம் போடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கொல்லையில், வேப்பமரத்துத் தூரைச் சுற்றியும் இடைவெளியின்றிப் பேவர் பிளாக் பதிப்பது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன். நாகமலைப் புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லையை ஆண்டு முழுவதும் கவனித்து வருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

ஐப்பசியிலிருந்து தொடங்குவதே பொருத்தம். நம் ஊருக்குப் பெருமளவு மழையைத் தருவது வடகிழக்குப் பருவமழை என்பதால், இங்கே மண் உயிர்பெறுவது அப்போதுதான். நல்ல மழை ஓய்ந்த மாலையில் மண்ணிலுள்ள சிறு துளைகளிலிருந்து ஈசல் கிளம்பும். கரிச்சான் மின்கம்பியிலிருந்து பாய்ந்து பாய்ந்து பிடிக்கும். மைனாக்கள் இறங்கிப் பொறுக்கும். இருட்டத் தொடங்கியதும் தேரைகள் வந்து சேரும். தளம் போட்ட கொல்லையில் ஈசல் எழ வழியே இல்லை.

அந்த மழைக்காலத்தில்தான் ஆறுமணிக்குருவி வருகிறது. தோட்டக்கள்ளன் என்றும் இதைச் சொல்வார்கள். இமயமலை அடிவாரக் காடுகளிலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிப்பதற்காக இரவு நேரங்களில் பறந்து வரும் இந்தப் பறவையின் எடை ஏறத்தாழ 50 கிராம்தான். பச்சை முதுகு, கண் வழியாக ஓடும் கறுப்புப் பட்டை, இறக்கையில் பளீரென்ற நீலம், அடிவயிற்றில் சிவப்பு என இத்தனை நிறங்கள் இருந்தும், மர நிழலில் அசையாமல் நின்றுவிட்டால் கண்ணில் படாது. குட்டை வாலை ஆட்டியபடி இரண்டு தத்து தத்தி நிற்கும். அலகால் ஒரு சருகைப் புரட்டி எறியும். தலையைச் சாய்த்துப் பார்க்கும். மண்புழுவோ கறையானோ கிடைத்தால் விழுங்கிவிட்டு அடுத்த சருகுக்குப் போகும். சமையலறைச் சன்னலிலிருந்து இதைப் பார்க்கும்போதெல்லாம், இவ்வளவு தூரம் வந்த உயிருக்கு மக்கிய இலை கிடக்கும் நிழலான ஒரு மூலையைக் கூடவா நம்மால் தர முடியாது என்று மனம் அடித்துக்கொள்கிறது. சித்திரை முடிவதற்குள் அது வடக்கே திரும்பிவிடும்.

மாசியில் வேம்பு இலையுதிர்க்கும்போது, தெருவெங்கும் சருகைக் கூட்டிக் குவித்துத் தீ வைக்கிறார்கள். ஆண்டு முழுவதும் நம்மோடு இருக்கும் தவிட்டுக்குருவிக் கூட்டம் இரை தேடுவதும் அதே சருகில்தான். பங்குனியில் கூவத் தொடங்கும் குயில், காகம் கூடு கட்டும் கத்திரி வெயில் காலத்திலும் ஓய்வதில்லை. ஆனியிலும் ஆடியிலும் வேப்பம்பழத்துக்குக் கொண்டைக்குருவியும் மைனாவும் வருகின்றன. அவை போட்டுவிட்டுப் போகும் கொட்டை முளைக்கவும் மண் வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஒட்டடை அடிக்கும்போது வெளிச்சுவர் மூலைகளை நாங்கள் தொடுவதில்லை. தேன்சிட்டு தன் தொங்கும் கூட்டைச் சிலந்தி நூலைக் கொண்டுதான் பிணைத்துக் கட்டுகிறது.

“சருகு கிடந்தா பாம்பு வரும்ல தம்பி, சின்னப் புள்ளைக இருக்கிற வீடு” என்று எதிர்வீட்டு அக்கா ஒருமுறை கேட்டார். நியாயமான அச்சம்தான். பாம்பை முக்கியமாக இழுப்பது எலி. எலியை இழுப்பது சிந்திக் கிடக்கும் சோறும் தானியமும். இரண்டுக்கும் ஒளிவிடமாவது அடுக்கிவைத்த செங்கலும் விறகும். அவற்றை அகற்றிவிட்டு, சுவரையும் நடைபாதையையும் ஒட்டிய பகுதியைச் சுத்தமாகக் கூட்டி, மரத்தடியில் மட்டும் சருகை மெல்லியதாகப் பரப்பிவைக்கலாம். இருட்டிய பிறகு அங்கே வெறுங்காலோடு போகக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்க வேண்டும்.

மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டபோது மதுரைக்காரர்கள் அனைவரும் பெருமைப்பட்டோம். சுமார் 250 வகைப் பறவைகள் பதிவான இடம் அது. லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் அங்கே உண்டு. மலையைக் காக்க அரசாணை வேண்டும். வீட்டுக் கொல்லைக்கு வீட்டுக்காரர் மனம் வைத்தாலே போதும் என்பதால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஏற்கெனவே தளம் போட்டவர்களும் கைவிட்டுவிட வேண்டியதில்லை. பேவர் பிளாக்கைப் பொதுவாக மணல் பரப்பின் மேல்தான் பதிக்கிறார்கள். கடப்பாரையால் நெம்பினால் கல் முழுதாக வந்துவிடும். தூரைச் சுற்றி நான்கைந்து வரிசையை எடுத்து, அடியிலுள்ள மணலை அள்ளிவிட்டுத் தோட்டமண் நிரப்புங்கள். வரும் மாசியில் உதிரும் இலையை எரிக்காமல் அங்கேயே தள்ளிவிட்டால், ஐப்பசி மழைக்குள் அது மக்கத் தொடங்கியிருக்கும்.