ஆடினது கன்வெர்ட்டர், அடி வாங்கினது லினக்ஸ்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் டைப்பிங் மாஸ்டர் பாராட்டு விழாவில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ வந்திருக்கும். சிரிக்கிற பொம்மை போட்டு எனக்கே அனுப்பிவைத்த புண்ணியவான்கள் உண்டு. அதனால் முழுக்கதையும் சொல்லப்போவதில்லை. வீடியோவில் வராததை மட்டும் சொல்கிறேன்.

மாஸ்டரின் பழைய போட்டோவையெல்லாம் திரையில் காட்டுவது என் பொறுப்பு. என் லேப்டாப்பில் விண்டோஸ் இல்லை, அதற்குப் பதிலாக லினக்ஸ் என்கிற இலவச ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்). அதை மாட்டினதும் திரையில் 'நோ சிக்னல்' வந்தது. வாஸ்தவம். மைக் வைத்திருந்தவர், "அக்கா ஓசி சாஃப்ட்வேர் போட்டிருக்காங்க, அதான் படம் வரல" என்றார். மண்டபமே சிரித்தது. அதுவும் வாஸ்தவம். வீடியோ அத்தோடு முடிகிறது. அதற்கப்புறம் என்ன ஆச்சு? அவருடைய விண்டோஸ் லேப்டாப்பைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அதிலும் 'நோ சிக்னல்'. இப்போது ஒருத்தரும் சிரிக்கவில்லை. "கேபிள் லூஸா இருக்கும், பாருப்பா" என்றார்கள். மண்டபத்து புரொஜெக்டர் பழசு, விஜிஏ என்கிற பழைய வகை வயர்தான் எடுக்கும். அதை லேப்டாப்போடு சேர்க்க நடுவில் ஒரு கன்வெர்ட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அழுத்திப் பிடித்தால் படம் வருகிறது, கையை எடுத்தால் போகிறது. சவுண்ட் சர்வீஸ் பையன் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி நிறுத்தினான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். என் மெஷினில் படம் வராவிட்டால் லினக்ஸ் மேல் பழி. அவர் மெஷினில் வராவிட்டால் கேபிள் மேல் பழி. இது என்னங்க நியாயம்?

இன்னொன்றையும் யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. அவர் லேப்டாப்பில் படம் வந்ததும், திரையின் வலது பக்கக் கீழ் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று சாம்பல் நிறத்தில் எழுத்து. மாஸ்டர் கல்யாணப் போட்டோ மேலேயும் அதுதான், பேரன் பேத்தி போட்டோ மேலேயும் அதுதான். காசு கட்டாத விண்டோஸை வைத்துக்கொண்டு என்னை ஓசி என்கிறார். நான் போட்டிருக்கிற லினக்ஸ் வகையான லினக்ஸ் மின்ட்டை, செய்தவர்களே இலவசமாக எடுத்துக்கொள் என்று கொடுக்கிறார்கள். ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு பென்டிரைவோடு வீட்டுக்கு வந்து 'ஓஎஸ் போட்டுத்தருகிற' தம்பி கிராக் பண்ணித் தருகிறாரே, அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?

"பழகினதை விட்டுட்டு உங்களுக்கு ஏன்க்கா இந்த வேலை" என்று கேட்கிறவர்களுக்கு: நான் விடவில்லை, அதுவாக விட்டது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியாயிற்று. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு சிப் இருக்கணும், இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்கணும். என் கடையில் இருப்பது நாலாம் தலைமுறை ஐ3. சப்-ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரில் மனு, அஃபிடவிட், பத்திர நகல் அடிக்கிற எனக்கு அது இன்னும் பத்து வருஷம் ஓடும். நல்லா இருக்கிற மெஷினைக் காயலான் கடைக்குப் போடச் சொல்கிறீர்களா? "ஒரு வருஷம் நீட்டிப்பு கொடுத்தாங்களே" என்று ஒருத்தர் வருவார். கொடுத்தார்கள், 2026 அக்டோபர் வரைக்கும். 30 டாலர் கட்டணும், இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லாகின் பண்ணி செட்டிங்ஸை பேக்கப் கொடுக்கணும். சரி, அதற்கப்புறம்?

பழக்கத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதீர்கள். எக்ஸ்பி 2014-ல் போச்சு, விண்டோஸ் 7 2020-ல் போச்சு. எட்டு வந்தபோது ஸ்டார்ட் பட்டனையே காணோம். பதினொன்றில் அதை நடுவில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அத்தனைக்கும் முணுமுணுத்துக்கொண்டே பழகினோமா இல்லையா? அப்போது எவராவது "வேணாம்க்கா, கஷ்டம்" என்று சொன்னீர்களா? கம்பெனி மாற்றினால் அப்டேட், நான் மாற்றினால் கிறுக்கு.

மாஸ்டரிடம் தமிழ் டைப்பிங் லோயர், ஹையர் பரீட்சைக்கெல்லாம் ரெமிங்டன் டைப்ரைட்டரில் அடித்தவள் நான். கீபோர்டைக் குனிந்து பார்த்தால் ஸ்கேலால் கை மேல் ஒரு தட்டு விழும். டேபிளுக்கு மேலே ஓர் அட்டையை வைத்து மறைத்துவிட்டு அடிக்கச் சொல்வார். முதன்முதலாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது விரல் எல்லாம் போச்சே என்று அழுகை வந்தது. பிறகு டைப்ரைட்டர் லேஅவுட் அதிலும் உண்டு என்று தெரிந்தபோதுதான் மூச்சு வந்தது. லினக்ஸுக்கு வரும்போதும் என் பயம் அது ஒன்றுதான். வந்து பார்த்தால், லினக்ஸில் தமிழ் அடிக்க உதவுகிற ஐபஸ்ஸில் தமிழ்99 லேஅவுட்டும் இருக்கிறது, டைப்ரைட்டரும் இருக்கிறது. சேர்த்துவிட்டு உட்கார்ந்தேன், விரல் தானாகப் போகிறது. பாமினி ஃபாண்டில் அடித்த பழைய ஃபைலெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டார்கள். ஃபாண்ட் ஃபைலைக் காப்பி பண்ணிப் போட்டேன், அப்படியே தெரிகிறது. வேர்டுக்குப் பதிலாக இருக்கிற லிப்ரே ஆபீஸில் சில வேர்ட் ஃபைல் திறந்தால் பக்கம் நாலு வரி தள்ளிப்போகும். தள்ளினால் இழுத்துவிட்டுப் போகிறேன், இதுக்கு ஒரு விழாவா?

"கணக்கு எழுதுற டேலி ஓடாதே", "டிஜிட்டல் கையெழுத்துப் போடுற யுஎஸ்பி டோக்கன் தகராறு பண்ணுமே" என்று இந்நேரம் ஒருத்தர் டைப் பண்ணிக்கொண்டிருப்பார். டேலி வேணும்னா விண்டோஸிலேயே இருங்கள் சாமி, யார் கையைப் பிடித்து இழுத்தது? டோக்கன் கதையும் சில மெஷினில் உண்மைதான். பிரிண்டரும் லேசில் மசியவில்லை. ஜாப் டைப்பிங் கடை எல்லாவற்றிலும் இருக்குமே அந்தக் குட்டி லேசர், அதற்கு டிரைவர் தேடிப் போடுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. இதையெல்லாம் நான் மறைத்ததே இல்லை. ஆனால் முன்பு விண்டோஸ் இருந்தபோது யாரோ ஒருத்தர் வைரஸ் பிடித்த பென்டிரைவைச் சொருகி, என் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறி, மறுநாள் ரிஜிஸ்ட்ரேஷனுக்குப் போகவேண்டிய டிராஃப்டைத் திறக்க முடியாமல் ராத்திரி முழுக்கத் திரும்ப அடித்தேனே, அன்றைக்கு என்ன சொன்னார்கள்? "பாவம் மேடம், சிஸ்டம் ரிப்பேர்." அவ்வளவுதான். விண்டோஸை ஏன் வைத்திருக்கிறாய் என்று ஒரு வாய் கேட்கவில்லை.

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீலத் திரையோடு படுத்துக்கொண்டது. நம்ம ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக்கொடுத்தார்கள். "அது விண்டோஸ் தப்பில்லை, கிரவுட்ஸ்ட்ரைக்னு ஒரு பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பின அப்டேட் தப்பு" என்பீர்கள். நூற்றுக்கு நூறு ஒத்துக்கொள்கிறேன். அவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த உங்களுக்கு, ஒரு கன்வெர்ட்டரையும் லினக்ஸையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லையா?

கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கம்ப்யூட்டரே படிக்கிறார்கள். உங்கள் பாக்கெட்டில் இருக்கிற ஆண்ட்ராய்டுக்கு உள்ளே இருப்பதும் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல்தான். நம்ம அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசு நிறுவனமான சி-டாக், சென்னையில் செய்தது. பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் "அழிச்சுக் கொடுங்க" என்று கடையில் வந்து நின்றார்கள். சரி, அது வேறு வயிற்றெரிச்சல்.

உண்மையில் எனக்கு உறுத்துவது 'ஓசி' கூட இல்லை. சிரிப்பு அடங்கினதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எவனாவது பையன் போட்டுக் கொடுத்திருப்பான், அக்காவுக்கு என்ன தெரியும்." என் மெஷினில் நான்தான் போட்டேன். பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பார்த்து, பழைய ஃபைலை எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்துக்கொண்டு, நான்தான் போட்டேன். கடையில் வேலை செய்கிற பெண்ணுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கேட்டிருந்தால் உங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பேன். ஒரு ஆண் இதையே செய்தால் 'டெக்னிக்கல் ஆளு'. நான் செய்தால் பின்னால் ஒரு பையன் இருக்கணும்.

இதைவிட உறுத்தினது இன்னொன்று. பந்தியில் உட்கார்ந்திருந்தபோது மாஸ்டரே என்னைக் கூப்பிட்டு, "உன் பெட்டியில என்னம்மா கோளாறு, சரி பண்ணிட்டியா?" என்று கேட்டார். அந்த மனுஷனுக்காக ஒரு வாரம் உட்கார்ந்து பழைய போட்டோவையெல்லாம் ஸ்கேன் பண்ணி, கீறலை எடுத்து, பெயர் போட்டு அடுக்கினவள் நான். முந்தின ராத்திரி வீட்டு டிவியில் மாட்டி ஓட்டியும் பார்த்திருந்தேன். அவரிடம் கன்வெர்ட்டர் கதையெல்லாம் சொல்ல முடியுமா? "சரி ஆயிடுச்சு சார்" என்றேன். மைக் வைத்திருந்தவர் எதிர்ப்பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு 'சாரி' கிடையாது. இன்றுவரைக்கும் கிடையாது.

விண்டோஸ் 10-ல் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்கள், பழைய மெஷினை என்ன செய்வது என்று தெரியாதவர்கள் கடைக்கு வாருங்கள். நாலு மணிக்கு மேல் கூட்டம் இருக்காது. எட்டு ஜிபி பென்டிரைவ் ஒன்று கொண்டுவந்தால் போதும், காசு வேண்டாம். வந்து சும்மா கிண்டல் பண்ணலாம் என்று நினைக்கிறவர்கள் ஜெராக்ஸ் எடுக்கிற சாக்கில்கூட வரவேண்டாம். "விடுக்கா, இதெல்லாம் ஒரு மேட்டரா" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கும் அதேதான்.