சுண்ணாம்பு பாக்கெட்டு விளையாட்டு சாமான் இல்லங்க

போன வாரம் சொந்தத்துல ஒரு காதுகுத்து. அக்கா பையன், நாலு வயசு, தாம்பூலத் தட்டுல இருந்த சுண்ணாம்பு பாக்கெட்ட எடுத்து மூஞ்சிகிட்ட வச்சு பிதுக்கி பிதுக்கி பாத்துட்டு இருக்கான், ஷாம்பு பாக்கெட் மாதிரி மெத்துமெத்துன்னு இருக்கும்ல. நான் வெடுக்குன்னு பிடுங்க, அவன் வீல்னு கத்த, பெரியம்மாகிட்ட எனக்குதான் திட்டு, "புள்ளைய ஏண்டா அழ வைக்குற"ன்னு.

எனக்கு ஏன் பதறுச்சுன்னா, முன்னாடி இருந்த தெருவுல ஒரு பொண்ணுக்கு இதே மாதிரி பாக்கெட் வெடிச்சு மொத்தமும் கண்ணுல அடிச்சிருச்சு. ஒருத்தர் வெளக்கெண்ணெய் விட்டாங்க, ஒருத்தர் தாய்ப்பால் விடுன்னாங்க, ஆட்டோ வர்றதுக்குள்ள அரை மணி நேரம் போச்சு. டாக்டர் மேல் இமைய பெரட்டி, ஒட்டிட்டு இருந்த வெள்ளைத் துணுக்கெல்லாம் பஞ்சால எடுத்துகிட்டே கேட்டாரு, "ஏம்மா, வீட்ல தண்ணி இல்லையா?" அந்தக் கருவிழி இன்னும் மங்கலாதான் இருக்கு.

சுண்ணாம்பு காரம், நாக்குல எரியுற காரம் இல்ல, ஆசிட்டுக்கு நேர் எதிரான ஆல்கலி. ஆசிட் பட்டா பெரும்பாலும் மேலயே கெட்டியாகி ஓரளவு நின்னுரும், காரம் அப்படி நிக்காது, கொழுப்பைக் கரைச்சுகிட்டு உள்ள உள்ள போய்ட்டே இருக்கும். அதனால டாக்டர தேடுறதுக்கு முன்னாடி குழாயத் தெறங்க. கத்துனாலும் பரவால்ல, இமைய விரிச்சுப் புடிச்சு இருபது முப்பது நிமிஷம் தண்ணி விட்டுகிட்டே இருக்கணும், அப்புறம் நேரா கண் ஆஸ்பத்திரி. கண்ணு செவக்கலயேன்னு நிம்மதியாவும் இருந்துராதீங்க, வெளுத்துக் கெடந்தா அங்க ரத்த ஓட்டமே போச்சுன்னு அர்த்தம், அதுதான் ரொம்ப மோசம்.

ஆனா பென்சிலு, ஈர்க்குச்சி அம்பு இதெல்லாம் குத்துனா அப்படியே தலைகீழ். கழுவக்கூடாது, அமுக்கக்கூடாது, குத்தி நிக்குறத உருவவே கூடாது, ஒரு பேப்பர் கப்ப கண்ணுல படாம கவுத்து வச்சுகிட்டு ஓடணும்.

தீபாவளி வந்தா மட்டும் புஸ்வாணத்த குனிஞ்சு பாக்காதேன்னு எல்லாரும் சொல்றோம், சரிதான், ஆனா வருஷம் பூரா வெத்தலைப் பெட்டில கெடக்குற இதப்பத்தி யாரு பேசுறா? அந்தக் காலத்துல தகர டப்பால இருந்துச்சு. இப்படி பிதுக்கத் தோணுற மாதிரி பாக்கெட்ல அடைச்சு விக்குறத முதல்ல நிறுத்தணும்ங்குறது என் கருத்து, அஞ்சு பத்து கூட ஆனா ஆயிட்டுப் போகுது.

அன்னைக்கு பிடுங்குன பாக்கெட்ட பெரியம்மாகிட்டயே குடுத்தேன், இடுப்புல சொருகிகிட்டாங்க. சாயங்காலம் பாத்தா அதே பாக்கெட் டிவி ஸ்டாண்டு மேல கெடக்கு, கரெக்டா அவன் கைக்கு எட்டுற உயரத்துல.