படித்ததில் 10 சதவீதம்தான் நிற்குமா?

“படித்ததில் 10, கேட்டதில் 20, சொல்லிக்கொடுத்ததில் 90 சதவீதம் மனதில் நிற்கும், எட்கர் டேல் கண்டுபிடிப்பு” என்று தேர்வுக் காலம் வந்தாலே வாட்ஸ்அப்பில் ஒரு முக்கோணப் படம் சுற்றத் தொடங்கிவிடுகிறது.

தவறு. அமெரிக்கப் பேராசிரியர் டேல் 1946இல் வெளியிட்ட கூம்புப் படத்தில் சதவீதக் கணக்கே கிடையாது. எண்கள் பின்னால் யாரோ ஒட்டவைத்தவை. (எல்லாமே பத்துப் பத்தாக முடிவதைப் பார்த்தாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?)

முறையாகச் சோதிக்கப்பட்டது வேறொன்று. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு கட்டுரையைக் கொடுத்தார்கள். நான்கு சுற்றும் படித்துக்கொண்டே இருந்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கதை தலைகீழ்: ஒரு சுற்று படித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது, படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40.