ஐந்து வயதில் பீர் குடிக்கப் பிரிட்டன் சட்டம் அனுமதிக்கிறதா?

“பிரிட்டனில் ஐந்து வயதானாலே பப்பில் பீர் குடிக்கலாம்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறான செய்தி இது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1933ஆம் ஆண்டுச் சட்டப்படி, மருத்துவக் காரணமின்றி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மது கொடுப்பது குற்றம். குழந்தையைக் காக்க வந்த அந்தத் தடையைத்தான் அனுமதிச் சீட்டாகத் திரித்துவிட்டார்கள். 18 வயதுக்குட்பட்டவருக்கு மது விற்கவே கூடாது. 16, 17 வயதினர் பெரியவருடன் மேசையில் அமர்ந்து சாப்பிடும்போது மட்டும், அவர் வாங்கித்தரும் பீர், ஒயின், சைடர் (ஆப்பிள் மது) அருந்தலாம், விஸ்கி கூடாது. வீட்டில் சட்டம் தளர்வுதான். ஆனாலும் 15 வயதுவரை மதுவே வேண்டாமென்று இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அலுவலர் 2009இல் அறிவுறுத்தினார்.

பிரிட்டன் அரசின் இணையதளத்தில் இந்த விதிகளைப் படிக்கலாம். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட விஷயம்; தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.