தெற்கு கைமாறியது கட்டுக்கதையா?

"அமெரிக்காவில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 குடிமை உரிமைகள் சட்டத்தை அதிக விகிதத்தில் ஆதரித்தது குடியரசுக் கட்சிதான், தெற்கில் வெள்ளையர் வாக்கைக் குறிவைத்த உத்தி என்பதெல்லாம் கட்டுக்கதை" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. முதல் பாதி சரி. இரண்டாவது பாதி தவறு.

கட்சியை விட்டுவிட்டு வட்டாரத்தைப் பாருங்கள். பிரதிநிதிகள் சபையில் பழைய கூட்டமைப்பின் (அடிமை முறையைக் காக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் நாட்டிலிருந்து பிரிந்துபோன) 11 தென் மாநிலங்களைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சியினர் 94 பேரில் 7 பேர் ஆதரித்தார்கள். அதே மாநிலங்களின் குடியரசுக் கட்சியினர் 10 பேரில் ஒருவர்கூட இல்லை. பிளவு வடக்குக்கும் தெற்குக்கும் இடையே இருந்தது.

அப்புறம் நடந்ததைத்தான் அந்தப் பதிவு மறைக்கிறது. சட்டத்தை எதிர்த்து வாக்களித்த செனட்டர் கோல்ட்வாட்டரையே அந்த ஆண்டு குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளராக்கியது. நாடு முழுக்கத் தோற்ற அவர், சொந்த மாநிலமான அரிசோனாவைத் தவிர வென்றது ஐந்து தென் மாநிலங்களை மட்டுமே. மிசிசிப்பியில் 87 சதவீதம்! 1960இல் நிக்சனுக்கு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கிடைத்த கறுப்பின வாக்கு, கோல்ட்வாட்டருக்கு ஒற்றை இலக்கத்துக்குச் சரிந்தது. இனப் பிரிவினையின் முக்கியக் குரலான செனட்டர் தர்மண்ட் அதே ஆண்டு குடியரசுக் கட்சிக்குத் தாவினார்.

தெற்கு ஜனநாயகக் கட்சியிடமிருந்து குடியரசுக் கட்சிக்குக் கைமாறியது ஒரே நாளில் நடக்கவில்லை என்பது உண்மை. பிரதிநிதிகள் சபையின் தென் மாநில இடங்களில் அக்கட்சி பெரும்பான்மை பெற 1994 வரை ஆனது. ஆனால் 2005இல் அதன் தேசியக் குழுத் தலைவர் கென் மெல்மேனே, இனப் பிளவிலிருந்து தங்கள் கட்சியினர் சிலர் ஆதாயம் தேடியது தவறு என்று கறுப்பினத்தவர் உரிமை அமைப்பின் மாநாட்டில் ஒப்புக்கொண்டார்.